யார் சொல்கிறார்கள், எதை உள்ளே வைத்துச் சொல்கிறார்கள்? அகப்பாட்டின் கூற்றும் உள்ளுறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் பகுதி நூலகத்தின் மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து சங்கப் பாட்டு வாசிக்கிறோம். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு, சில நாள் இரண்டு. கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் வருகிறார்கள், பள்ளியோடு விட்டுப்போன ஆசையைத் தொடர வரும் பாட்டிமாரும் உண்டு. ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. பாட்டில் பேசுவது யார், அதில் வரும் மீனுக்கும் யானைக்கும் என்ன பொருள் என்ற இரண்டையும் சுற்றித்தான் எல்லாக் கேள்வியும் வருகிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, என்னால் முடிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். பெரும்பாலும் குறுந்தொகையிலிருந்தே எடுத்துக்காட்டுகள். நான்கு முதல் எட்டு அடிதான் என்பதால் பாட்டு முழுவதையும் ஒரே பார்வையில் பிடிக்கலாம்.

"கூற்று, கூற்றுன்னு சொல்றீங்களே, அப்படின்னா என்ன?"

கூற்று என்றால் பேச்சு. காதலைப் பாடும் அகப்பாட்டில் கதை சொல்ல என்று வெளியே ஒருவர் நிற்பதில்லை. 'ஒரு ஊரில் ஒரு பெண் இருந்தாள்' என்று தொடங்கும் குரல் அங்கே கிடையாது. திரை விலகியதும் கதைக்குள் இருக்கும் ஒருவர் பேசத் தொடங்கிவிடுவார். நமக்குக் கிடைப்பது அந்த ஒரு பேச்சுதான். முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன ஆகும் என்பதையெல்லாம் அதிலிருந்தே உய்த்துணர வேண்டும்.

யார் யார் பேசலாம் என்பதற்குத் தொல்காப்பியத்தின் செய்யுளியல் பட்டியலே தருகிறது. களவுக் காலத்தில், அதாவது காதல் மறைவாக நடக்கும்போது, பார்ப்பான், பாங்கன் (தலைவனின் தோழன்), தோழி, செவிலி (வளர்ப்புத் தாய்), தலைவன், தலைவி என்று ஆறு பேர். திருமணத்துக்குப் பின்னான கற்புக் காலத்தில் இவர்களோடு பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் ஆகியோரும் சேர்ந்துகொள்கிறார்கள். மகள் காதலனோடு போய்விட்ட நிலையில் பெற்ற தாயான நற்றாய் புலம்புவதும் உண்டு. ஆனால் படிக்கும்போது பாருங்கள், பெரும்பாலான பாட்டுகளில் தலைவியும் தோழியும்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

"அப்ப பாட்டு எழுதினவர் பேசலையா? கபிலர்தானே சொல்றார்?"

கபிலர் பாடினார், ஆனால் பேசவில்லை. குறுந்தொகை 25 அவர் பாட்டு. அதில் பேசுவது, கைவிட்டுவிடுவானோ என்று அஞ்சும் ஒரு பெண். குறுந்தொகை 18-உம் அவர் பாட்டுதான். அதில் பேசுவது, தலைவனை வழிமறித்துக் கண்டிக்கும் தோழி. ஒரே புலவர், இரண்டு வாய். 'கபிலர் இங்கே வருந்துகிறார்' என்று விடைத்தாளில் எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வருந்துவது அவர் படைத்த பெண்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்திணைப் பாட்டில் காதலர்களுக்குப் பெயர் கிடையாது. 'சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்' என்கிறது தொல்காப்பியத்தின் அகத்திணையியல். பெயர் வந்துவிட்டால் அது இன்னாருடைய கதை ஆகிவிடும். பெயர் இல்லாததால்தான் எந்தக் காலத்துப் பெண்ணும் அந்தப் பேச்சுக்குள் போய் நின்றுகொள்ள முடிகிறது. இந்த விதி பின்னால் ஒரு பெரிய வழக்கையே கிளப்பும். நெடுநல்வாடை என்ற நெடும்பாட்டைப் பற்றிய கேள்வியில் அதற்கு வருகிறேன்.

"யார் பேசுறாங்கன்னு பாட்டை மட்டும் வச்சு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

முதலில் விளியைத் தேடுங்கள். 'தோழி' என்று அழைத்தால் பேசுவது பெரும்பாலும் தலைவி. 'நாட', 'ஊர', 'கொண்க' என்று தலைவனை அழைத்தால் பேசுவது தோழியாகவோ தலைவியாகவோ இருக்கும். அப்புறம் சுட்டுச் சொற்களைப் பாருங்கள். குறுந்தொகை 18-இல் 'சாரல் நாட' என்று விளித்துவிட்டு 'இவள் உயிர்' என்று வருகிறது. தலைவனிடம் பேசுகிறாள், தலைவியை 'இவள்' என்கிறாள், ஆக, தோழி.

விளி ஏமாற்றவும் செய்யும். ஐங்குறுநூறு 203-இல் 'அன்னாய் வாழி வேண்டு அன்னை' என்று தொடக்கம். தாயிடம் பேசுகிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அங்கே தலைவி பேசுவது தோழியிடம். உடன்போக்கில், அதாவது காதலனோடு ஊரைவிட்டு, போய்த் திரும்பியவளிடம் 'அந்த ஊர்த் தண்ணீர் நன்றாக இராதே, எப்படிக் குடித்தாய்?' என்று தோழி கேட்க, 'நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட, அவர் நாட்டில் இலைதழை மூடிய குழியில் மான் குடித்து மிஞ்சிய கலங்கல் நீர் இனித்தது' என்கிறாள். தோழியும் தலைவியும் ஒருவரையொருவர் 'அன்னை' என்று அழைப்பது அன்றைய வழக்கு. தொல்காப்பியமும் அதைக் குறிக்கிறது. இன்றைக்கும் நாம் சின்னப் பெண்ணை 'அம்மா, இங்க வாம்மா' என்கிறோம் அல்லவா, அது போலத்தான்.

"பாட்டுக்குக் கீழே 'வரைவு நீட்டித்தவிடத்துத் தலைமகள் தோழிக்குச் சொல்லியது'ன்னு போட்டிருக்கே, அதை அப்படியே நம்பலாமா?"

மதிக்கலாம், அப்படியே நம்பத் தேவையில்லை. வரைவு என்றால் திருமணம்; அவன் அதைத் தள்ளிப்போட்டபோது தலைவி தோழியிடம் சொன்னது என்கிறது நீங்கள் காட்டும் குறிப்பு. அந்தக் குறிப்பைப் புலவர் எழுதவில்லை. பாட்டைத் தொகுத்துப் போற்றியவர்கள் பின்னால் சேர்த்தது. பாட்டுக்கு மிகப் பழைய வாசகர் ஒருவர் சொன்ன விளக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம்மைவிட அந்த மொழிக்கு நெருக்கமாக இருந்தவர் என்பதால் அவர் சொல்லுக்கு எடை அதிகம்.

அவர்களுக்கே சில இடங்களில் உறுதி இல்லை. நற்றிணை 172-இன் குறிப்பு, பகலில் சந்திக்கும் இடமான பகற்குறிக்கு வந்த தலைவனைத் திருமணம் செய்துகொள்ளும்படி தோழி வற்புறுத்தியது என்று சொல்லிவிட்டு, சந்திக்கும் இடத்தை மாற்றியதாகவும் கொள்ளலாம் என்று முடிக்கிறது. ஒரே பேச்சுக்கு இரண்டு நோக்கம். நாங்கள் வகுப்பில் செய்வது இதுதான்: குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு பாட்டைப் படிப்போம், பேசுவது யார் என்று நாங்களே சொல்வோம், பிறகு கையை எடுப்போம். ஒத்துப்போனால் மகிழ்ச்சி. ஒத்துப்போகாத நாளில்தான் நல்ல பேச்சு நடக்கும்.

"உவமைக்கும் உள்ளுறைக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் ஒப்பிடுறதுதானே?"

உவமையில் ஒப்பிடுகிறோம் என்று பாட்டே சொல்லிவிடும். உள்ளுறையில் பாட்டு ஒரு காட்சியை மட்டும் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். இரண்டும் ஒரே பாட்டில் இருப்பதைப் பார்த்தால் சட்டென்று விளங்கும். மறுபடி குறுந்தொகை 18-க்கு வாருங்கள்:

வேரல் வேலி வேர்க்கோட் பலவின்
சாரல் நாட செவ்வியை ஆகுமதி
யார் அஃது அறிந்திசினோரே சாரல்
சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கி யாங்கு இவள்
உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே

சிறிய கொம்பில் பெரிய பலாப்பழம் தொங்குவது போல, இவள் உயிர் மிகச் சிறியது, காதலோ பெரியது. 'தூங்கியாங்கு' என்பதில் இருக்கும் 'ஆங்கு' ஒப்பீட்டை வெளிப்படையாகச் சொல்கிறது. இது உவமை. இப்போது முதல் அடியைப் பாருங்கள். மூங்கில் வேலி, வேரிலேயே காய்க்கும் பலா, அப்படிப்பட்ட மலைநாட்டுக்காரனே என்கிறாள். இங்கே 'போல' இல்லை, 'அன்ன' இல்லை. ஊர் வருணனை என்று கடந்து போய்விடலாம். ஆனால் நிதானித்துப் பாருங்கள்: உன் ஊர்ப் பழத்துக்கு வேலி இருக்கிறது, தரையின் தாங்கலும் இருக்கிறது, பழுத்தாலும் விழாது. இங்கே தொங்குகிற பழத்துக்கு என்ன இருக்கிறது? மெல்லிய கொம்பு ஒன்றுதான். திருமணம் என்ற காவலும் தாங்கலும் இவளுக்கு இன்னும் நீ தரவில்லை என்பது அந்த வருணனைக்குள் இருக்கிறது. அதுதான் உள்ளுறை.

"இறைச்சின்னு வேற ஒண்ணு சொல்லிக் குழப்புறாங்களே?"

குழப்பம் நியாயமானதுதான். உள்ளுறைக்கும் இறைச்சிக்கும் இடையே கோடு எங்கே என்பதில் அறிஞர்களே வேறுபடுகிறார்கள். நான் கையில் வைத்திருக்கும் அளவுகோலைச் சொல்கிறேன். உள்ளுறையில் காட்சியின் ஒவ்வோர் உறுப்புக்கும் கதையில் ஒரு நேர் இருக்கும்: வேலிக்குத் திருமணம், பழத்துக்குத் தலைவி என்பது போல. இறைச்சியில் அப்படிப் புள்ளிக்குப் புள்ளி பொருத்த முடியாது. காட்சி காட்சியாகவே நிற்கும், அதன் ஓரத்திலிருந்து ஓர் உணர்வு கசிந்து வரும்.

குறுந்தொகை 37 பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. பொருள் தேடிப் போனவன் திரும்பி வருவானா என்று தலைவி வாடுகிறாள். தோழி சொல்கிறாள்: அவருக்கு உன்மேல் ஆசை அதிகம், நிச்சயம் அன்பு செய்வார், பெண் யானையின் பசியைத் தீர்க்க ஆண் யானை யா மரத்தின் பட்டையை உரிக்கும், அத்தகைய அன்பு உடையது அவர் போன வழி. யானை தலைவன், பட்டை பொருள் என்று கணக்குப் போட்டால் பாட்டு சுருங்கிவிடும். வழியெங்கும் அன்பு தெரிகிறது, அதைப் பார்த்துக்கொண்டே போகிறவன் உன்னை எப்படி மறப்பான் என்பதுதான் கசிவு. வருந்தும் நேரத்தில் இப்படி அன்பான காட்சியை இறைச்சியில் சுட்டுவது ஆறுதல் ஆகும் என்று தொல்காப்பியத்தின் பொருளியல் ஒரு நூற்பாவே வைத்திருக்கிறது.

"அப்ப வர்ற மரம், மீன், பறவை எல்லாத்துக்கும் மறைபொருள் தேடணுமா?"

வேண்டாம். இது தெரிந்துகொண்ட புதிதில் எல்லாருக்கும் வரும் ஆர்வம், எனக்கும் வந்தது. தொல்காப்பியமே எல்லை போடுகிறது: ஒரு நிலத்துக்கு உரிய தெய்வம், மரம், விலங்கு, பறவை போன்ற கருப்பொருள்களில் தெய்வத்தை விட்டு மற்றவை உள்ளுறைக்கு இடமாகும் என்கிறது. இடமாகும் என்பதுதான் பேச்சு, எல்லா முறையும் ஆகியே தீரும் என்பதல்ல.

குறுந்தொகை 167-ஐப் படியுங்கள், கூடலூர் கிழார் பாடியது. மகளின் புது வீட்டுக்குப் போய்வந்த செவிலி, நற்றாயிடம் சொல்கிறாள். கெட்டித் தயிரைப் பிசைந்த விரலாலேயே ஆடையைச் சரிசெய்துகொண்டு, அதைத் துவைக்காமலே உடுத்திக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் நிறைய, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் 'இனிது' என்று உண்டான். அவள் முகம் 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று'. தயிருக்கு இங்கே மறைபொருள் இல்லை. தயிர் தயிர்தான், புகை புகைதான்.

ஆனால் இந்தப் பாட்டில் பார்வை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். 'நுண்ணிதின்' என்ற சொல்லை வேறு யாராலும் சொல்ல முடியாது. கணவனுக்கு அவள் முகத்தில் வந்த மாற்றம் தெரிந்திருக்குமோ என்னவோ, பக்கத்து வீட்டுக்காரிக்கு நிச்சயம் தெரியாது. பிறந்ததிலிருந்து அந்த முகத்தைப் பார்த்து வளர்த்தவளுக்குத்தான் அவ்வளவு சிறிய மகிழ்ச்சி கண்ணில் படும். நம் வீட்டில் எதற்கும் கை நனைக்காத பெண், அங்கே அழுக்குப் புடவையோடு நிற்கிறாள் என்று நொந்துகொள்ள வேண்டிய தாய்மார் இருவரும் உள்ளூர நிறைவடைகிறார்கள். குறியீடு எதுவும் இல்லாமல், பேசுகிற ஆளைச் சரியாகத் தேர்ந்ததாலேயே பாட்டு நிற்கிறது.

"குறிஞ்சின்னா சேர்தல், முல்லைன்னா காத்திருத்தல், மருதம்னா ஊடல். இதை மனப்பாடம் பண்ணினா போதாதா?"

தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்விக்குப் போதும். பாட்டுக்குப் போதாது. திணை வாய்பாட்டை அகராதி மாதிரி வைத்துக்கொண்டால், வேறு நிலத்துப் பறவை வந்து உட்கார்ந்ததும் திகைத்துப் போவோம். இதைத் தொல்காப்பியம் முன்கூட்டியே பார்த்திருக்கிறது. ஒரு நிலத்துப் பூவும் பறவையும் வேறு நிலத்தில் வந்தால், வந்த நிலத்தின் பயனையே தரும் என்கிறது.

குறுந்தொகை 25-க்குத் திணை குறிஞ்சி. ஆனால் அதில் நிற்பது நீர்நிலைப் பறவையான குருகு:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அன்று யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான்; அவன் பொய்த்தால் நான் என்ன செய்வேன்? அவன் என்னோடு கூடிய அன்று, தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களோடு ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்திருந்த குருகும் அங்கே இருந்தது என்கிறாள். குருகைக் கண்டதும் நெய்தல், மருதம் என்று ஓடினால் பாட்டு கைநழுவும். குருகின் காலைச் சொல்ல அவளுக்கு என்ன உவமை வருகிறது? தினையின் தாள். தினைப்புனம் காக்கிற பெண்ணுக்கு வேறென்ன தோன்றும்! நெய்தல் நிலத்துப் பெண்ணாக இருந்தால் அந்தக் கால்களுக்கு வேறு ஏதோ ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். நிலம் அவள் கண்ணில்தான் இருக்கிறது, பறவையில் இல்லை.

"குறிஞ்சிப்பூ பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும், அதனாலதான் 'நிலத்தினும் பெரிதே' பாட்டுல அதை வச்சாங்கன்னு எங்க சார் சொன்னார். சரியா?"

அழகான வாசிப்பு. ஆனால் பாட்டு அதைச் சொல்லவில்லை. தேவகுலத்தார் பாடிய குறுந்தொகை 3-இல் இருப்பது 'கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு பெருந்தேன் இழைக்கும்' என்பதுதான். கரிய கொம்பு, பூ, தேன். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்ற பேச்சே இல்லை. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது உண்மை. குறிஞ்சிச் செடிகளில் பல வகை உண்டு, எல்லாவற்றுக்கும் அந்தக் கணக்குப் பொருந்தாது. பாட்டுக்கு வெளியிலிருந்து கொண்டுவரும் அறிவை 'நான் இப்படி உணர்கிறேன்' என்று சொல்லுங்கள், 'புலவர் இப்படிச் சொன்னார்' என்று சொல்லாதீர்கள்.

இந்தப் பாட்டில் எனக்குப் பிடித்தது வேறொன்று. நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, கடல்நீரைவிட ஆழமானது என்று அவள் அளக்க முடியாதவற்றில் தொடங்குகிறாள். முடிக்கும்போது கண்ணெதிரே இருக்கும் பூவுக்கும் தேனுக்கும் இறங்கி வந்துவிடுகிறாள். காதலன் ஊரைப் பற்றி அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது அவ்வளவுதான். தேனீக்கள் ஒவ்வொரு பூவாகச் சென்று துளித்துளியாகச் சேர்த்ததே பெருந்தேன் ஆயிற்று என்பதில் அவர்கள் நட்பும் தெரிகிறது. அதற்குப் பாட்டிலேயே சான்று இருக்கிறது.

"யார்கிட்ட சொல்றாங்கங்கிறது அவ்வளவு முக்கியமா?"

மிக முக்கியம், ஏனென்றால் அகப்பாட்டில் பல நேரம் கேட்பவர் இருவர். முன்னால் நிற்பவர் ஒருவர், மறைவில் நிற்பவர் இன்னொருவர். இதைச் சிறைப்புறம் என்பார்கள். சற்று முன் பார்த்த 'நிலத்தினும் பெரிதே' கூட, தலைவன் வேலிக்கு அப்பால் நிற்க, அவனைத் தோழி பழிக்க, தலைவி விட்டுக்கொடுக்காமல் புகழ்ந்தது என்கிறது பழைய குறிப்பு. தோழியின் பழிப்பும் தலைவியின் புகழ்ச்சியும் ஒரே காதுக்குத்தான் போகின்றன. 'இவ்வளவு நம்புகிறாளே, இனியும் தாமதிக்கலாமா' என்று அவனுக்கு உறைக்க வேண்டும்.

"ஒரே காட்சியை வேற ஆள் சொன்னா அர்த்தம் மாறிடுமா?"

மாறும். என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஆலங்குடி வங்கனாரின் குறுந்தொகை 8. வயல் மாமரத்தில் பழுத்து, தானாக உதிரும் இனிய பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊரன். எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசிவிட்டு, தன் வீட்டுக்குப் போனதும், நாம் கையையும் காலையும் தூக்கத் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவை போல, தன் மகனின் தாய் விரும்பியதையெல்லாம் செய்கிறான். பேசுவது காதற்பரத்தை, மனைவியை விட்டுத் தலைவன் நாடிப்போகும் பெண். தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டு, தலைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழும்படி சொல்கிறாள்.

அவள் வாயில் மாம்பழமும் மீனும் என்ன சொல்கின்றன? நான் மரம் ஏறிப் பறிக்கவில்லை; பழம் தானே விழுந்தது, நான் வாயைத் திறந்தேன், அவ்வளவுதான். குற்றச்சாட்டுக்கு மறுமொழி அது. இப்போது இதே காட்சியைத் தலைவி சொல்வதாக நினைத்துப் பாருங்கள். என் வயலில், என் மரத்தில், நான் காத்து முற்ற வைத்த பழம். எந்தப் பாடும் படாத குளத்து மீன் விழுங்கிவிட்டது. அதே பழம், அதே மீன், ஆனால் முழுக்க இழப்பு. தோழி சொன்னால்? உன் ஊரில் யார் வாயில் விழுந்தாலும் பழத்துக்குக் கவலை இல்லை, அப்படிப்பட்டவனை உள்ளே விட மாட்டேன் என்று வாயில் மறுப்பாள். 'மீன் எதற்குக் குறியீடு' என்று மட்டும் கேட்டால் மூன்றில் எது சரி என்று சொல்லவே முடியாது. அந்தப் பாட்டில் 'தன் புதல்வன் தாய்' என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். மனைவி என்று சொல்ல அவள் வாய் வரவில்லை. பிள்ளை பெற்றவள் என்று சொல்வதிலேயே ஒரு குத்து இருக்கிறது.

நம் இலக்கணம் இதை எவ்வளவு கூர்மையாகப் பார்த்திருக்கிறது என்பதைத் தொல்காப்பியத்தின் உவமவியலில் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. உள்ளுறை உவமத்தைத் தலைவி சொன்னால் அவள் அறிந்ததாக மட்டும் இருக்க வேண்டும்: 'கிழவி சொல்லின் அவளறி கிளவி'. தோழி சொன்னால் தன் நிலத்தைத் தாண்டக் கூடாது: 'தோழிக் காயின் நிலம்பெயர்ந்து உரையாது'. தலைவன் சொன்னால் உரன், அதாவது அறிவின் உறுதி, தோன்றச் சொல்வான். மற்றவர்களுக்கு இட வரையறை இல்லை. எதைக் குறியீடாக எடுக்கலாம் என்பது பேசுகிற ஆள் எதைப் பார்த்திருப்பார் என்பதைப் பொறுத்தது என்று விதியே செய்திருக்கிறார்கள். கூற்றையும் உள்ளுறையையும் தனித்தனிப் பாடமாக நடத்துவது ஏன் தவறு என்று இப்போது தெரிகிறது அல்லவா?

"தோழி தன் நிலத்தைத் தாண்டக் கூடாதுன்னா, 37-ஆம் பாட்டுல பாலை நிலத்து யானையை அவ எப்படிச் சொல்றா? அவதான் அந்தப் பக்கமே போனதில்லையே!"

எங்கள் வகுப்பில் ஒரு கல்லூரி மாணவி கேட்டது இது. கேட்டதும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். முதல் பதில், அந்த விதி உள்ளுறை உவமத்துக்கு உரியது. யானைக் காட்சி, மேலே சொன்னபடி, இறைச்சி. ஆனால் அத்தோடு விட்டால் கேள்வியின் உயிர் போய்விடும். அவள் அந்த வழியைக் கண்ணால் பார்த்ததில்லை என்பது உண்மைதானே.

கலித்தொகை 11 இதற்கு ஒரு வெளிச்சம் தருகிறது. அங்கே தலைவி சொல்கிறாள்: காடு கடுமையானது என்று அவர் சொன்னார், அந்தக் காட்டிலேயே கலங்கிய கொஞ்ச நீரைப் பெண் யானைக்கு ஊட்டிவிட்டுப் பிறகு தான் உண்ணும் களிறு உண்டு என்றும் அவரே சொன்னார், பேடைக்குச் சிறகால் விசிறும் புறாவும், பெண் மானுக்குத் தன் நிழலைக் கொடுக்கும் கலைமானும் உண்டு என்றார். ஆக, காட்டின் அன்பு பற்றிய சேதி தலைவன் வாய்மொழியாக வீட்டுக்கு வந்தது. 37-இன் தோழியும் அப்படிக் கேட்டதைத்தான் சொல்கிறாள் என்று கொள்ளலாம். அப்படிக் கொண்டால் பாட்டு இன்னும் கனக்கிறது. அவன் சொல்லையே அவன் வருவதற்குப் பிணையாக எடுத்துக் காட்டுகிறாள்.

"பேசுறவங்க பொய் சொன்னா நமக்கு எப்படித் தெரியும்?"

பாட்டுக்கு வெளியே போய்ச் சரிபார்க்க வழியில்லை. அதனால் பேச்சில் எங்கே நடுக்கம் தெரிகிறது என்று கேட்க வேண்டும். 37-இன் தோழி முழு நம்பிக்கையோடு பேசுகிறாள், ஆனால் அவள் வேலை தலைவியைத் தேற்றுவது. அவன் வந்தானா என்று பாட்டு சொல்லாது.

25-ஐ மறுபடி பாருங்கள். 'யாரும் இல்லை' என்கிறாள் முதலில். கடைசியில் 'குருகும் உண்டு' என்கிறாள். சாட்சி இல்லை என்றவள் ஒரு சாட்சியைக் கண்டுபிடிக்கிறாள். அதுவும் எப்படிப்பட்ட சாட்சி! ஓடுகிற நீரில் ஆரல் மீனையே பார்த்துக்கொண்டிருந்தது, இவர்களைப் பார்க்கவில்லை. தலைவனும் அன்று தனக்கு வேண்டியதில் மட்டும் கண்ணாக இருந்தானோ என்ற எண்ணம் அந்தக் குருகில் ஒளிந்திருக்கிறது. அதை அவள் நினைத்துச் சொல்கிறாளா, நினைக்காமலே வாயில் வந்துவிட்டதா என்பதில் எங்களுக்குள் இன்னும் முடிவு வரவில்லை. நினைக்காமல் வந்தது என்பது என் கட்சி.

"பெண் புலவர் பாடினா அது அவங்க சொந்த அனுபவம்தானே?"

இரண்டாவது பதிலில் சொன்ன விதி இவர்களுக்கும் பொருந்தும். பாடுபவர் வேறு, பேசுபவர் வேறு. வெள்ளிவீதியாரிடம் மட்டும் விதி கொஞ்சம் தடுமாறுகிறது. அகநானூறு 147-இல் ஔவையார் படைத்த தலைவி, 'வெள்ளிவீதியைப் போல' நானும் புறப்பட்டுப் போகிறேன் என்கிறாள். காதலனைத் தேடி அலைந்த பெண்ணாக வெள்ளிவீதியாரை அக்காலத்தவரே அறிந்திருக்கிறார்கள். அவரோ தன் பாட்டான அகநானூறு 45-இல், கணவனைத் தேடி அலைந்த ஆதிமந்தி போல நானும் அலைவேனோ என்று தன் தலைவியைப் பேச வைக்கிறார். ஒரு பெண்ணின் துயரம் அடுத்தவளுக்கு உவமை ஆகிறது. இதைப் படித்தபின் வெள்ளிவீதியாரின் தலைவியையும் அவரையும் முழுதாகப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் தேர்வில் எழுதும்போது 'தலைவி கூறுகிறாள்' என்றே எழுதுங்கள்.

"நெடுநல்வாடை அகமா, புறமா? ஏன் இவ்வளவு சண்டை?"

ஒரு வேப்பம்பூவால் வந்த சண்டை. பிரிவால் வாடும் அரசி, பாசறையில் தூங்காமல் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துவரும் அரசன். யாருக்கும் பெயர் இல்லை. அகம் என்று சொல்ல எல்லாம் இருக்கிறது. ஆனால் அரசனோடு வரும் வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியர் பூ. சோழருக்கு ஆத்தி, சேரருக்குப் பனை. பூவைச் சொன்னதும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. 'சுட்டி ஒருவர் பெயர்' சொன்னதாகவே அதைக் கொண்டு, பாட்டு புறம், அதாவது போரும் அரசும் பற்றியது, என்றார் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர்.

இந்த வேம்பு இதுவரை பார்த்த குறியீடுகளிலிருந்து வேறு. மாம்பழத்தின் பொருள் பேசுகிறவரைப் பொறுத்து மாறியது. வேம்பு யார் சொன்னாலும் பாண்டியன்தான். ஊரே ஒப்புக்கொண்ட அடையாளம் அது. இரண்டையும் ஒரே சொல்லால் 'குறியீடு' என்று அழைப்பதால்தான் பல பேருக்குக் குழப்பம் வருகிறது.

"இதெல்லாம் சிறுகதை, நாவல் படிக்கவும் உதவுமா?"

உதவும். பத்து வயதுப் பையன் தன்மையில் கதை சொல்கிறான் என்று வையுங்கள். பாட்டியின் பித்தளைக் குடம் மூலையில் வெறுமையாக இருப்பதைப் பார்த்து, ஒளிந்து விளையாட நல்ல இடம் என்கிறான். அந்த வீட்டில் தண்ணீர் எடுத்து வர ஆள் இல்லாமல் போயிற்று என்று நமக்குப் புரிகிறது, அவனுக்குப் புரியவில்லை. அதே குடத்தைக் கடன் கொடுத்தவர் பார்த்தால் எடையை மனத்துக்குள் கணக்கிடுவார். குடம் எதற்குக் குறியீடு என்று கேட்கும் முன் யார் கண் வழியாகப் பார்க்கிறோம் என்று கேளுங்கள். படர்க்கையில் எழுதிய கதையிலும் அந்தக் கண் யாராவது ஒருவர் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

"நற்றிணையில் புன்னை மரத்தை உடன்பிறந்தவள்னு சொல்றாங்களே, அந்த மரம் எதுக்குக் குறியீடு?"

நான்காவது பதிலில் தொட்ட 172-ஆம் பாட்டு இது. பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. விளையாடும்போது வெண்மணலில் புதைத்து, மறந்தும் போன புன்னை விதை முளைத்துவிட்டது. நெய் கலந்த இனிய பால் ஊற்றி வளர்த்தார்கள். 'உங்களைவிடச் சிறந்தவள், உங்கள் உடன்பிறந்தாள் இவள்' என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதனால் இந்த மரத்தடியில் உன்னோடு சிரித்துப் பேச எங்களுக்கு நாணமாக இருக்கிறது என்கிறாள் தோழி, தலைவனிடம்.

புன்னை எதையாவது குறிக்கிறது என்று நான் சொல்லத் தயங்குகிறேன். அந்தப் பெண்களுக்கு அது உண்மையிலேயே உடன்பிறப்பு. கேட்டுக்கொண்டிருக்கும் தலைவனுக்கு மட்டும் அது ஒரு செய்தி: வீட்டார் பார்வை படும் இடத்தில் எத்தனை நாள் ஒளிந்து வருவாய்? மரம் ஒன்றுதான், அது பேசுகிறவளுக்குச் சொந்தம், கேட்பவனுக்குக் குறிப்பு. மேலும் அவள் கதவை அடைத்துவிடவில்லை. 'நீ நல்கின் இறைபடு நீழல் பிறவுமார் உளவே' என்று முடிக்கிறாள். நீ மனம் வைத்தால் தங்குவதற்கு வேறு மரநிழல்களும் இருக்கின்றன.